சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

மாரி தொடங்கிய முதற் கிழமை அது. திருக்கோவிலில், கடற்கரைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள எமது வளவில் இரவெல்லாம் பெய்த மழை விடியற்பொழுதில்தான் ஓய்ந்திருந்தது. நீர் அள்ளக் கிணற்றடிக்குச் சென்ற அன்னையார், வாளியைக் கையிலேந்தியபடியே நின்றுவிட்டார். மாமரத்தின் கீழ் நின்ற எமது பழைய வொக்ஸ்வாகன் வண்டியின் அடியிலிருந்து மழைநீர் ஒரு சிறு வாய்க்காலாகக் கிணற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்நீரின் மேல் வானவில்லின் நிறங்கள் யாவும் மெல்லிய படலமாக மிதந்தன.

"பார்க்க வடிவாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கிணத்துத் தண்ணியத்தானே நாம குடிக்கிறம்? அடுத்த மாரிக்கு முன்னால ஒண்டில் வண்டி ஒழுகாம நிக்கோணும், இல்லாட்டி இந்த வளவில வண்டியே நிக்கப்படாது" என்றார்.

அன்னையாரின் சொல்லுக்கு எமது வீட்டில் மேன்முறையீடு கிடையாது. தந்தையார் தம் வாழ்நாளில் வாங்கிய ஒரே வண்டி அது. அதனை விற்க மனமில்லை. கிணற்றைக் கெடுக்கவும் மனமில்லை. எமக்குக் கிடைத்த ஓராண்டுத் தவணையில், காற்றினால் குளிர்விக்கப்படும் பழைய எஞ்சின் ஒன்று ஏன் ஒயில் ஒழுக்குகின்றது, அவ்வொழுக்கை எவ்வாறு கண்டு நிறுத்துவது என்பவற்றைக் கற்றுக்கொண்டோம். இத்தகைய வண்டியை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், யந்திரங்களில் நாட்டமுள்ள மாணவர்களுக்கும் அது பயன்படக்கூடும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

ஆமையும் அதன் வரலாறும்

வட்டமான முதுகும் தாழ்ந்த முகமும் கொண்ட இவ்வண்டியைச் சிங்கள மக்கள் 'இப்பா' என்பர். ஆமை என்பது பொருள். ஜேர்மனியில் இதற்கெனக் கட்டப்பட்ட தொழிற்சாலைக்கு 1938ஆம் ஆண்டு மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. போரினால் தடைப்பட்ட உற்பத்தி, 1945இல் பிரித்தானியப் படையினரின் மேற்பார்வையில் மீண்டும் தொடங்கியது. 1955இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1972 பெப்ரவரியில் 1,50,07,034ஆவது வண்டி வெளிவந்தபோது, அமெரிக்காவின் ஃபோர்ட் 'ரி' வண்டி படைத்திருந்த சாதனையை ஆமை முந்தியது. 2003 யூலை 30ஆம் நாள் மெக்சிக்கோ நாட்டின் புவெப்லா நகரில் கடைசி வண்டி உருண்டு வெளிவந்தபோது, மொத்தத் தொகை 2,15,29,464 ஆக இருந்தது.

இலங்கையில் இவ்வண்டிகள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆகவே, கையிலிருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதன்றி மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அக்காலம் போயிற்று என்று நாம் எண்ணியிருக்க, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. பழைய வண்டியைப் பேணும் கலை இந்நாட்டில் எக்காலத்தும் வீண்போனதில்லை.

நீரில்லாத எஞ்சின்

பெரும்பாலான மோட்டார் வண்டிகளில் எஞ்சினின் உஷ்ணத்தைத் தண்ணீர் வாங்கிச் செல்கின்றது. ஆமையின் எஞ்சினில் ஒரு துளி தண்ணீரும் இல்லை. பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களைச் சுற்றி மெல்லிய செதில்கள் உண்டு. மேலே சுழலும் விசிறி அச்செதில்களின் இடையே காற்றைச் செலுத்துகின்றது. காற்று எட்டாத உட்பாகங்களின் உஷ்ணத்தை ஒயிலே சுமந்து வருகின்றது. அந்த ஒயிலும் விசிறிக் காற்றின் வழியில் நிற்கும் ஒரு குளிர்த்தியினுள் சென்று ஆறி மீள்கின்றது.

இங்கு ஒயிலுக்குப் பணிகள் மூன்று: உராயும் பாகங்களை வழுக்கச் செய்தல், உஷ்ணத்தைச் சுமத்தல், தூளையும் கரியையும் கழுவி அடியிற் சேர்த்தல். இத்தனைக்கும் எஞ்சினில் இருக்கும் ஒயில் 2.5 லீற்றர் மட்டுமே. தற்கால வண்டிகளில் உள்ளதுபோன்ற காகித வடிகட்டியும் இல்லை. அடியில் ஒரு கம்பிவலை மாத்திரம் உண்டு. ஆதலின் தண்ணீர் எஞ்சினில் ஒயில் குறைவது ஒரு குறை. இவ்வெஞ்சினிலோ அது இரட்டைக் குறை. வழுக்கும் பொருளும் குளிர்விக்கும் பொருளும் ஒருங்கே குறைகின்றன.

மாணவ நேயர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெய்த் துளி முப்பது சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர் எனக் கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் ஓயாது விழுந்தால், நாளொன்றுக்கு 1,440 துளி. அஃதாவது 48 மில்லிலீற்றர். முப்பது நாளில் 1.44 லீற்றர். எஞ்சினிலுள்ள ஒயிலில் பாதிக்கு மேல் மண்ணுக்குப் போய்விடும். 'ஒரு சொட்டுத்தானே' என்று நாம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததன் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

சிந்திய ஒயில் மண்ணுக்குப் போனாலும் போகட்டும். எஞ்சினின் மேலேயே தங்கினால் கேடு அதிகம். எமது மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் வீதியோரமெங்கும் நெல் காயும்; பதரும் தூசும் காற்றிற் பறக்கும். கடற்கரை மணலும் அதனோடு சேரும். இவை ஒயில் படிந்த செதில்களில் ஒட்டி, நாளடைவில் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். காய்ச்சல்காரனுக்கு வெய்யிலில் கம்பளி போர்த்தினால் என்னவாகும்?

ஏன் ஒழுகுகின்றது?

இவ்வெஞ்சினின் உறை, நிலக்கடலைத் தோல் போல இரு பாதிகளாகப் பிளந்து சேர்வது. இரு பாதிகளின் இடையே கஸ்கட் எனப்படும் அடைப்புத்தாள் இல்லை. மெல்லிய பசையொன்றே உண்டு. உறை மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது, சிலிண்டர்களோ வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூடேறினால் மக்னீசியம் இரும்பைப்போல் இரு மடங்குக்கு மேலாக விரியும். சூடேறுந்தோறும் விரிந்தும், ஆறுந்தோறும் சுருங்கியும், பொருத்துகள் யாவும் நாள்தோறும் அசைகின்றன. அவற்றை அடைத்திருக்கும் ரப்பரும் தக்கையும் முதுமையில் காய்ந்து இறுகி, அவ்வசைவுக்கு ஈடுகொடுக்க மாட்டாமற் போகின்றன.

பொருத்துகளும் ஒன்றிரண்டல்ல. வால்வுகளை இயக்கும் தள்ளுகோல்கள் எட்டு; ஒவ்வொன்றும் ஒரு குழாயினுள் இயங்குகின்றது; குழாய்க்கு இரு முனை; ஆகவே அங்கு மாத்திரம் பதினாறு ரப்பர் வளையங்கள். வால்வு மூடிகள் இரண்டு. குளிர்த்தியின் அடியில் வளையங்கள் இரண்டு. அடித்தகடு, ஒயில் பம்பு, பெற்றோல் பம்பு, ஒயில் அமுக்கத்தை அறிவிக்கும் ஆளி, பிளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தின் பின்னுள்ள பெரிய சீல் ஆகியவற்றையும் கூட்டினால், ஒயில் வெளியேறத்தக்க வாயில்கள் இருபத்தைந்தாகும்.

இரண்டு தீர்ப்புகள்

நாம் முதலில் நாடிய கராஜில் வண்டியை ஒரு நிமிடம் குனிந்து பார்த்தனர். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சந்திக்கும் பொருத்திலிருந்து ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. "பிளைவீல் சீல் போயிற்று, எஞ்சினை இறக்கி முழுவதும் பிரிக்க வேண்டும்" என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் கூறிய தொகையோ, பழைய இரும்பு வாங்குவோர் வண்டிக்குத் தர முன்வந்த விலையினும் அதிகமாயிருந்தது. அன்றிரவு வண்டியை விற்பதென்றே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

மறுநாள் வேறு அலுவலாக அக்கரைப்பற்றுக்குச் சென்றபோது, இவ்வகை வண்டிகளுடன் நெடுநாள் பழகிய முதியவர் ஒருவர் அங்கிருப்பதாகக் கேள்வியுற்று அவரிடம் போனோம். அவர் வண்டியின் அடியில் விரலை வைத்துத் தொட்டு, இரு விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"இது கியர் ஒயில் இல்ல தம்பி. கியர் ஒயிலெண்டா கெந்தக நாத்தம் அடிக்கும். இது எஞ்சின் ஒயில்தான்" என்றார்.

"அப்ப பிளைவீல் சீல்தானே, காக்கா?" என்று கேட்டோம்.

"அது ஒயிலுக்குத்தான் தெரியும். சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. மேல ஒழுகினாலும் கீழதானே வந்து சொட்டும்? மொதல்ல நல்லாக் கழுவுங்க. மறுகா பாப்பம்."

இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அம்முதியவரின் வாய்மொழியில் அடங்கிவிட்டது. எஞ்சியது விளக்கமே.

கழுவுதலும் காணுதலும்

கழுவுதல் எளிய வேலைபோல் தோன்றினும் அதற்கும் முறை உண்டு. எஞ்சின் முற்றாக ஆறியிருக்கவேண்டும். பின்னாசனத்தின் அடியிலுள்ள பற்றரியின் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். காபரேற்றரையும், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரையும் பொலித்தீன் உறையால் இறுகக் கட்டவேண்டும். அதன் பின் மரச்சீவலால் தடித்த அழுக்கைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துத் துடைத்தல் வேண்டும். அழுக்கு மணலில் விழாதபடி கீழே தகரத் தட்டம் வைத்தோம். அடுப்பங்கரைக்கு அப்பால், திறந்த வெளியில் இதனைச் செய்தோம். ஒரு நாள் முழுதும் காயவிட்ட பின்னரே எஞ்சினை இயக்கினோம். மண்ணெண்ணெய் ஈரத்தோடு எஞ்சினை முடுக்குவது நெருப்போடு விளையாடுவதாகும்.

அடுத்த படி எமது வீட்டுச் சிறுவர்களுக்கு மிகவும் உவப்பாயிருந்தது. குழந்தைக்குப் பூசும் முகப்பவுடரை எடுத்து, எஞ்சினின் பொருத்துகள் மீது மெல்லியதாகத் தூவினோம். அடியில் ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்து, சில்லுகள் நிற்கும் இடத்தை அதிற் கோடிட்டுக் குறித்தோம். எஞ்சினைச் சூடேறும் வரை ஓடவிட்டு நிறுத்தி, கைவிளக்கும் முகம்பார்க்கும் சிறு கண்ணாடியுமாக உற்றுநோக்கினோம். ஒயில் எங்கே முதலில் வெளிப்படுகின்றதோ, அங்கே வெண்பொடி கறுத்துக் காட்டிக்கொடுத்தது.

இரண்டு நாட்களில் உண்மை வெளியாயிற்று. டிஸ்ரிபியூட்டருக்கு இடப்புறமாக, உறையின் மேற்பரப்பில் திருகப்பட்டிருக்கும் அமுக்க ஆளியின் தலையிலிருந்து ஒயில் கசிந்தது. அது உறையின்மீது வழிந்து, தகட்டு மூடிகளின் அடியில் மறைந்து, கியர்ப்பெட்டிப் பொருத்தில் இறங்கிச் சொட்டியது. மேலே சுண்டுவிரல் அளவான ஒரு பொருள் ஒழுக, கீழே பெரிய சீலின்மீது பழி விழுந்திருந்தது! முதலிற் பார்த்த கராஜ்காரர்கள் பொய் சொல்லவில்லை. சொட்டிய இடத்தைக் கண்டு தீர்ப்புச் சொன்னார்கள், அவ்வளவே.

குற்றவாளி அது ஒன்றன்று. இடப்பக்க வால்வு மூடியின் கீழ்விளிம்பிலும் பொடி கறுத்திருந்தது. எஞ்சினின் பின்புறத்துக் கப்பியிலிருந்தும் ஒயில் தெறித்து, பின்கதவின் உட்புறத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. தள்ளுகோல் குழாயொன்றின் முனையில் இலேசான வியர்வையும் காணப்பட்டது.

ஒன்றன்பின் ஒன்றாக

அமுக்க ஆளியை மாற்றுவது சில நிமிட வேலை. அதன் மரை கூம்பு வடிவானது. உட்செல்லச் செல்லத் தானே இறுகும். உறையின் உலோகம் மென்மையானதாகையால், அளவுக்கு மீறி முறுக்கினால் உறையே வெடிக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும்.

வால்வு மூடியைக் கழற்றியபோது, முன்பு யாரோ தக்கைக் கஸ்கட்டின் இரு பக்கமும் பசையை அப்பியிருந்ததைக் கண்டோம். பசை மிகுந்தால் அடைப்பும் மிகும் என்பது தவறான எண்ணம். பழைய பசையைச் சுரண்டி, மூடியின் நெளிந்த விளிம்பைத் தட்டைப் பலகைமேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்கினோம். புதிய தக்கையை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டி, எஞ்சின் பக்கத்துக்குச் சிறிது கிறீஸ் தடவினோம். அடுத்த முறை வால்வு சரிபார்க்கும்போது தக்கை கிழியாமற் கழன்றுவர இதுவே வழி.

கப்பியின் கதை சுவையானது. அவ்விடத்தில் ரப்பர் சீல் எதுவும் இல்லை. கப்பியின் கழுத்தில் வெட்டப்பட்ட திருகு வரிகள், அது சுழலும்போது வெளிவரும் ஒயிலை உள்ளே திருப்பிச் செலுத்துகின்றன. தண்ணீரை மேலேற்றும் ஆர்க்கிமிடீசின் திருகாணியும் இத்தத்துவத்தையே கொண்டது. ஆயினும் உறையினுள் காற்றமுக்கம் மிகுந்தால் அத்திருகு தோற்றுவிடும். பிஸ்டனைத் தாண்டிச் சிறிதளவு வாயு எப்போதும் உறையினுள் நுழையும்; அது வெளியேறுவதற்கென ஒயில் ஊற்றும் கழுத்திலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு மூச்சுக்குழாய் செல்கின்றது. எமது வண்டியில் அக்குழாயின் உட்புறம் வெண்ணெய் போன்ற கசடால் ஏறக்குறைய அடைபட்டிருந்தது.

கசடு எங்கிருந்து வந்தது? எம்மிடமிருந்துதான்! சந்தைக்கும் கோயிலுக்குமாக எமது வண்டி ஓடிய தூரமெல்லாம் சிறுதூரம். எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்திவிடுவதால், உள்ளே உறையும் நீராவி வெளியேறாமல் ஒயிலோடு கலந்து கசடாகின்றது. மூச்சுக்குழாயைக் கழுவிப் பூட்டியதும் கப்பி ஒழுகுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. இப்பொழுதெல்லாம் மாதத்தில் ஒருமுறையாவது தாண்டியடி, கோமாரி வழியாகப் பொத்துவில் வரை சென்று வருகின்றோம். அன்னையாருக்கு அது உலாவாகவும், எஞ்சினுக்கு அது மருந்தாகவும் அமைகின்றது. மூச்சுக்குழாய் சுத்தமாயிருந்தும் கப்பியில் ஒயில் வருமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து பார்க்கவேண்டும்.

தள்ளுகோல் குழாயின் வியர்வையை அப்படியே விட்டோம். இக்குழாய்களின் முனைகள் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்புள்ளவை. அம்மடிப்பே வளையங்களை அழுத்தி வைத்திருக்கின்றது. முறையாக அவற்றை மாற்றச் சிலிண்டர்த் தலையைக் கழற்றவேண்டும். மாற்றும்போது பழைய குழாயைச் சிறிது இழுத்து நீட்டிப் பூட்டுவர். 1300 முதல் 1600 வரையிலான எஞ்சின்களுக்கு அந்நீளம் 190 முதல் 191 மில்லிமீற்றர். குழாயின் ஒட்டுத் தையல் மேல்நோக்கி இருக்குமாறு வைப்பதும் மரபு. தையல் விட்டாலும் அடியிற் கிடக்கும் ஒயில் அவ்வழியே போகாது. வியர்வைக்காகத் தலையைக் கழற்றுவது, தும்மலுக்குச் சத்திரசிகிச்சை செய்வதற்கு ஒப்பாகும்.

கையின் பலமும் அளவும்

எஞ்சினின் அடித்தகட்டை ஆறு சிறு நட்டுகள் தாங்குகின்றன. கம்பிவலைக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரு தாட் கஸ்கட்டுகள் உண்டு. ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும், அஃதாவது ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, இவற்றைக் கழற்றிக் கழுவிப் புதிய கஸ்கட் இடவேண்டும். ஒழுகுகின்றதே என்று இந்நட்டுகளை மேலும் மேலும் இறுக்குவதே பலரும் செய்யும் பிழை. இறுக்க இறுக்கத் தகடு நெளிந்து ஒழுக்குக் கூடும். ஈற்றில் மரையாணியே மென்மையான உறையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இந்நட்டுகளுக்கு விதிக்கப்பட்ட முறுக்கு 7 நியூட்டன் மீற்றர். 10 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் சுமார் ஏழு கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்கு அது. மணிக்கட்டின் பலமே போதும். பிளைவீலைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுக்கோ 350 நியூட்டன் மீற்றர் வேண்டும். ஒரு மீற்றர் குழாயின் நுனியில் சுமார் முப்பத்தைந்து கிலோ எடை! ஒரே எஞ்சினில், ஒரு நட்டுக்கும் மற்றொரு நட்டுக்கும் ஐம்பது மடங்கு வேற்றுமை. பலம் இருப்பது வேறு, எங்கே எவ்வளவு என்று அறிவது வேறு.

உண்மையாகவே பிளைவீல் சீல் பழுதாயிருப்பின், அவ்வேலையைப் பழகிய கைகளுக்கே விடவேண்டும். எஞ்சினைக் கியர்ப்பெட்டியோடு பிடித்திருப்பவை நான்கு பெரிய ஆணிகளே, இறக்குவது கடினமன்று. ஆனால் கிராங்க் தண்டு முன்பின்னாக அசையும் தூரம் 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் அமையவேண்டும். மூன்று மெல்லிய வளையத் தகடுகளைத் தேர்ந்திட்டு அதனைச் சரிசெய்வர். அளவுகருவியின்றி இதனைச் செய்வோரிடம் வண்டியை ஒப்படைத்தல் ஆகாது. அசைவு மிகுந்திருந்தால் புதிய சீலும் விரைவிற் பழுதாகும்.

தீயும் நீரும்

சூடான புகைக்குழாயின்மீது ஒயில் விழுந்து புகைவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அதே பெட்டியினுள்தான் பெற்றோல் செல்லும் ரப்பர்க் குழாயும் இருக்கின்றது. பழைய குழாய் வெடித்துப் பெற்றோலும் கசியுமானால், ஒயில் தோய்ந்த எஞ்சின் விளக்குத் திரியாகிவிடும். மக்னீசியம் தீப்பற்றினால் தண்ணீரால் அணையாது. தண்ணீர் அதனை மேலும் மூட்டும். ஆகவே ஒயில் ஒழுக்கைத் தேடும் நாளிலேயே பெற்றோல் குழாயையும் வளைத்துப் பார்த்து, வெடிப்பிருந்தால் உடனே மாற்றுங்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

மணற்பாங்கான எமது வளவுகளில் வண்டியை உயர்த்துவதிலும் ஆபத்து உண்டு. ஜக் மணலில் மெல்லப் புதையும், வண்டி சாயும். தடித்த பலகையின்மீது ஜக்கை வைத்து, உயர்த்திய பின் உறுதியான மரக்கட்டைகளை அடைகொடுத்து, மற்றைச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை போடவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழ் செல்லலாகாது. கல்லும் செங்கல்லும் பாரத்தில் நொறுங்கும், அவை உதவா.

இனி, அன்னையாரின் முதற் கேள்விக்கு வருவோம். இக்கரையோரத்தில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. மேலே விழுவதை மணல் தடுப்பதுமில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் இக்கரையின் கிணறுகளை உப்பாக்கியபோது, நன்னீரின் அருமையை நாம் யாவரும் அறிந்துகொண்டோம். கடல் செய்ததை நம்மால் தடுக்க இயலவில்லை. வண்டி செய்வதைத் தடுக்க இயலும். கழித்த ஒயிலை வேலிக்கட்டைகளுக்குப் பூசினால் கறையான் வராது என்பது பலர் வழக்கம். எஞ்சியதை மூலையில் ஊற்றுவதும் உண்டு. மழை பெய்தால் அதுவும் மணலுக்குள்ளேதான் இறங்கும். கழித்த ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே முறை.

அடுத்த மாரி

தவணை முடிந்து மறுபடியும் மாரி பிறந்தது. முதல் மழைக்கு முந்திய இரவு வண்டியின் அடியில் புதிய காட்போட் மட்டையொன்றை விரித்துவைத்தோம். காலையில் அன்னையாரே சென்று அதனை இழுத்தெடுத்தார். மட்டையின் ஓரத்தில், தள்ளுகோல் குழாய்க்கு நேர்கீழே, ஒரு ரூபா நாணயமளவில் ஒரு கறை இருந்தது, வேறெங்கும் இல்லை.

நாம் மூச்சை அடக்கி நின்றோம். அன்னையார் அக்கறையைச் சிறிது நேரம் நோக்கினார். பின்னர் அடுக்களைக்குட் சென்று, பழைய கேக் தட்டமொன்றை எடுத்துவந்து எம்மிடம் தந்தார்.

"இதை அதுக்குக் கீழ வையுங்க. மழை விட்டதும் அந்தக் குழாயையும் பாருங்க" என்றார்.

வண்டி இப்போதும் மாமரத்தின் கீழேதான் நிற்கின்றது. கிணற்றடிக்கு ஓடும் மழைநீரில் வானவில் இல்லை.